மேட் பெயின்ட் மேல ஒட்டின டெகால் ஏன் பளபளக்குது, சாஃப்ட்னர் விட்டா ஏன் சுருங்குது?

நீங்க கேட்டது ரெண்டு மூணு கேள்வி மாதிரி தெரியுது, ஆனா உள்ள இருக்கிறது ஒண்ணுதான். 1/72, அதாவது நிஜத்துல 72ல ஒரு பங்கு அளவுல இருக்கிற ஸ்பிட்ஃபயர் மார்க் 1 போர் விமான பிளாஸ்டிக் மாடல் கிட்டுக்கு பச்சை பிரவுன் கேமஃப்ளாஜ் அடிச்சு முடிச்சு, பிரிட்டிஷ் விமானப்படையோட 234 ஸ்குவாட்ரன் அடையாளமான ஏ, இசட் எழுத்து டெகால்களை (தண்ணில ஊறவெச்சு ஒட்டுற ஸ்டிக்கர்) நேரா மேட் பெயின்ட் மேலயே ஒட்டியிருக்கீங்க, காஞ்சதும் எழுத்தைச் சுத்தி செல்லோ டேப் ஒட்டின மாதிரி வெள்ளையா மின்னுது. இறக்கை ரவுண்டலுக்கு, அதாவது பிரிட்டிஷ் விமானத்து வட்ட அடையாளத்துக்கு, டெகாலை இளக்குற சாஃப்ட்னரான மைக்ரோ சோல் விட்டீங்க, அது அப்பளம் மாதிரி சுருங்கவும் பயந்து டிஷ்யூ வெச்சு அழுத்துனதுல கிழிஞ்சிருச்சு. அதனால சாஃப்ட்னர் டூப்ளிகேட்டா, வேற எந்த பிராண்ட் வாங்கலாம்னு கேக்குறீங்க, கூடவே கடைசில எப்படியும் பளபளப்பில்லாத மேட் கோட்தான் அடிக்கப் போறோம், நடுவுல எதுக்கு ஒரு பளபளப்பான கிளாஸ் கோட்னும் கேக்குறீங்க. உங்க பாட்டில்ல கோளாறு இருக்கிற மாதிரி எனக்குத் தெரியல. சுருங்கினதே அது வேலை செஞ்சதுக்கு அடையாளம். டெகாலுக்கு மேல எதை விடுறோங்கிறதை விட அதுக்கு அடியில எந்த மாதிரி பரப்பு இருக்குங்கிறதுதான் முக்காவாசி ரிசல்ட்டை முடிவு பண்ணுது, மீதி கால்வாசி கையை எடுத்துட்டு சும்மா இருக்கிறதுல இருக்கு.

நான் இருபது வருஷத்துக்கு மேல மாடல் பண்றேன், பெரும்பாலும் 1/72, அதுலயும் ரெண்டாம் உலகப் போர் விமானங்கள்தான் அதிகம். அதனால கீழ சொல்றது கிட்டோட வர்ற, தண்ணில ஊறவெச்சு நகர்த்தி ஒட்டுற டெகால் பத்தி மட்டும். வீட்டு பிரின்டர்ல சொந்தமா அச்சடிக்கிற டெகால் நான் செஞ்சதில்ல, அதுக்கு இதெல்லாம் அப்படியே பொருந்தும்னு எடுத்துக்காதீங்க.

234ஐ எடுத்ததுக்கு எனக்கு ரொம்ப சந்தோஷம். மெட்ராஸ் பிரசிடென்சிங்கிற பேரைத் தாங்கின ஸ்குவாட்ரன் அது, 1940ல பிரிட்டன் மேல நடந்த வான் சண்டையில கார்ன்வால்ல இருக்கிற செயின்ட் ஈவல்ல இருந்தும் அப்புறம் மிடில் வாலப்ல இருந்தும் பறந்தாங்க, 1940 செப்டம்பர் 7ஆம் தேதி செத்துப்போன ஆஸ்திரேலிய பைலட் பாட் ஹியூஸ் இந்த ஸ்குவாட்ரன்தான். நம்ம ஊர்ல ஒருத்தர் மேஜை மேல அந்த ஏ, இசட் எழுத்து நிக்கணும்னா அது ஒழுங்கா நிக்கணும்னு எனக்கு ஆசை, அதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

உண்மையான விமானத்துல இந்த வட்டமும் எழுத்தும் எல்லாம் பெயின்ட். பக்கவாட்டுல மஞ்சள் வளையத்தோட இருக்கிற ரவுண்டல் 35 இன்ச், 1/72ல அது 12 மில்லிமீட்டர் சொச்சம். டெகால் எவ்வளவு மெல்லிசு, மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குதான்னு வெச்சுக்கிட்டாகூட அதை 72ஆல பெருக்கினா முக்கால் மில்லிமீட்டர் வருது, அவ்வளவு தடிமனா யாரும் விமானத்துக்கு பெயின்ட் அடிக்க மாட்டாங்க. ஓரத்துல நிக்கிற இந்தப் படியை நம்ம கண்ணு கண்டுபிடிச்சிரும். அதனால நாம பண்ற எல்லா வேலையும், கிளாஸ் கோட், சாஃப்ட்னர், சீல் பண்றது எல்லாமே, ஒட்டின ஒரு பொருளை அடிச்ச பெயின்ட் மாதிரி நம்ப வைக்கத்தான்.

இப்ப அந்தப் பளபளப்புக்கு வர்றேன், இதுக்கு சில்வரிங்னு பேரு. டெகால்ங்கிறது பேப்பர் மேல தண்ணில கரையுற ஒரு பசை, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கேரியர் ஃபிலிம், அதோட சேர்ந்த மை, அவ்வளவுதான். மேட் பெயின்ட் கண்ணுக்கு சமமா தெரிஞ்சாலும் பூதக்கண்ணாடில பாத்தா மேடும் பள்ளமுமா இருக்கும், அந்தச் சொரசொரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறதாலதான் அது மேட்டாவே தெரியுது. ஃபிலிம் அந்த மேடுகளோட உச்சில மட்டும் படுத்துக்கும், பள்ளத்துல எல்லாம் காத்து நிக்கும். ஃபிலிமுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவுல மாட்டின அந்தக் காத்துலதான் வெளிச்சம் பட்டு வெள்ளியா திரும்புது. நீங்க போட்ட ஃபோட்டோவுல கவனிச்சுப் பாருங்க, சாம்பல் நிற எழுத்து மேல ஒண்ணும் தெரியல, ஏ எழுத்து நடுவுல இருக்கிற முக்கோணத்துலதான் மோசமா இருக்கு. அங்க மை கிடையாது, வெறும் ஃபிலிம், அடியில டார்க் க்ரீன். எழுத்துக்கு அடியிலயும் அதே காத்து இருக்கு, மை மறைச்சிருது, அவ்வளவுதான். இது இப்படித்தான் நடக்குதுங்கிறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

அதனால கிளாஸ் கோட் அழகுக்காக இல்ல, அந்தப் பள்ளங்களை நிரப்புறதுக்காக. கடைசில மேட் அடிக்கும்போது மொத்தமும் ஒரே மாதிரி ஆயிரும், நடுவுல கிளாஸ் இருந்தது யாருக்கும் தெரியாது. டாமியா கம்பெனியோட கிளாஸ் எக்ஸ்-22ஐ அவங்களோட லாக்கர் தின்னர்ல (வீரியமான கரைப்பான்) கலந்து அடிச்சா நல்லா படியும், மிஸ்டர் கலர் ஜிஎக்ஸ்100 இன்னும் கெட்டியான கிளாஸ், ஆனா நாத்தம் ஜாஸ்தி, ஜன்னலைத் திறந்து வெச்சு மாஸ்க் போட்டுக்கிட்டு அடிங்க. ஒரே தடவையா சொதசொதன்னு அடிக்காம ரெண்டு மூணு மெல்லிசான கோட், விரலை ஓட்டிப் பாத்தா வழுக்கணும், ட்யூப்லைட்டோட பிம்பம் இறக்கை மேல ஓரளவு தெளிவா தெரியணும், அதுதான் அளவு. அப்புறம் குறைஞ்சது ஒரு நாள் காய விடுங்க, எனாமல் பெயின்ட்டா இருந்தா இன்னும் பல நாள். மழைக்காலத்துல ஒண்ணு கவனிக்கணும். ஒரு நவம்பர்ல மழை விட்ட சாயங்காலமா பாத்து லாக்கர் கிளாஸ் அடிச்சேன், அஞ்சு நிமிஷத்துல இறக்கை பூரா பால் ஊத்தின மாதிரி வெளுத்துப் போச்சு. தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காத்துல இருக்கிற ஈரம் அதுக்குள்ள இறங்கிருது, அதனால வர்றது. லெவலிங் தின்னரை மட்டும் லேசா தூவினா பெரும்பாலும் தெளிஞ்சிரும், எனக்கும் தெளிஞ்சுது, ஆனா அன்னைலேர்ந்து ஈரமான நாள்ல லாக்கர் தொடுறதில்ல.

பெயின்ட் தூவுற ஏர்பிரஷ் இல்லைன்னு எழுதியிருந்தீங்க. அப்போ ஸ்ப்ரே கேன்ல வர்ற கிளாஸ் க்ளியர் போதும், இல்லேன்னா அக்ரிலிக் கிளாஸ் வார்னிஷை அகலமான மெல்லிய பிரஷ்ல டெகால் வர்ற இடத்துல மட்டுமாவது ரெண்டு கோட் போடுங்க. பேனல் லைன், அதாவது மாடல் மேல இருக்கிற தகடு இணைப்புக் கோடு, அது வரைக்கும் இழுத்து நிறுத்திட்டா ஓரம் தெரியாது.

தண்ணியும் முக்கியம், இதை யாரும் சொல்ல மாட்டாங்க. போர்வெல் தண்ணில ஊறவெச்சா காஞ்சதும் டார்க் க்ரீன் மேல வெள்ளை வெள்ளையா உப்புக் கறை நிக்கும், அதையும் சில்வரிங்னு நினைச்சுக்கிட்டு சாஃப்ட்னரா ஊத்திக்கிட்டு இருப்போம். பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் ஒரு பாட்டில் வாங்கி வெச்சுக்கிட்டா வருஷக்கணக்குல வரும், கேன் தண்ணியும் பரவால்ல. கொஞ்சம் வெதுவெதுப்பா இருந்தா பசை சீக்கிரம் இளகும்.

ஒட்டுறதை உங்க ஏ எழுத்தை வெச்சே சொல்றேன். புது பிளேடால எழுத்தோட ஓரம் வரைக்கும் ஃபிலிமை நறுக்குங்க, நடுவுல இருக்கிற முக்கோணத்தை ஷீட்லயே வெட்டி எடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது, மூணு கீறல் போதும், கை நடுங்குச்சுன்னா விட்டுருங்க, கிளாஸ் இருந்தா அதுவும் ஒட்டிக்கும். ட்வீசர்ல பிடிச்சு பத்து பதினஞ்சு செகண்ட் தண்ணில முக்கி எடுத்து ஒரு டிஷ்யூ மேல வெச்சிருங்க. கிண்ணத்துல மிதக்க விட்டுட்டு டீ குடிக்கப் போனீங்கன்னா பசை பூரா தண்ணிலயே போயிரும், அப்புறம் டெகால் ஒட்டாம ஓரம் தூக்கும். டிஷ்யூ மேல ஒரு நிமிஷம் இருக்கும்போது பேப்பர் தண்ணியை உறிஞ்சி பசை தானா இளகும், பிரஷ் நுனியால மெதுவா தள்ளிப் பாருங்க, நகர்ந்துச்சுன்னா ரெடி, நகரலைன்னா இன்னும் அரை நிமிஷம் பொறுங்க, எந்தக் காரணத்துக்கும் நகத்தால நெம்பாதீங்க. ஒட்டுற இடத்துல டெகால் நல்லா படிய உதவுற மைக்ரோ செட் ஒரு சொட்டு தடவுங்க, நீல லேபிள், வினிகர் வாசனை வரும், அது டெகாலுக்கு அடியில போறது. பேப்பரை விமானத்து மேல வெச்சு டெகாலை அங்கேயே வழுக்கி இறக்குங்க, கையில தூக்கி வெச்சா சுருண்டுக்கும். எழுத்து நேரா நிக்குதான்னு பாக்க முன்னாடியே மாஸ்கிங் டேப் ஒரு மெல்லிசான பட்டை ஒட்டி கோடு வெச்சுக்கோங்க, கண்ணளவுல ஒட்டினா ஏயும் இசட்டும் வேற வேற உயரத்துல நிக்கும். இடம் சரியானதும் ஈரமான காட்டன் பட்ஸை (காது குடையுற குச்சி) நடுவுல இருந்து ஓரத்துக்கு உருட்டுங்க. உருட்டணும், தேய்க்கக் கூடாது. அடியில இருக்கிற தண்ணியும் காத்துக் குமிழியும் ஓரத்துல பிதுங்கி வர்றது கண்ணுக்கே தெரியும், அதுதான் இந்த மொத்த வேலையில எனக்குப் பிடிச்ச நிமிஷம்.

இதெல்லாம் முடிஞ்சு ஒரு பத்து நிமிஷம் காஞ்ச அப்புறம்தான் மைக்ரோ சோல், சிவப்பு லேபிள். செட் அடியில போறது, சோல் மேல போறது, நிறைய பேர் இதைத்தான் மாத்திப் போடுறாங்க. சோல் ஃபிலிமையே இளக வெச்சுரும், கொஞ்ச நேரத்துக்கு அது டெகாலே இல்ல, ஈர பெயின்ட் மாதிரிதான். அப்போ ஃபிலிம் ஊதி சுருக்கம் விழும், பாக்க பயங்கரமா இருக்கும், எல்லாம் போச்சுன்னு தோணும். அந்த நேரத்துல விரல், டிஷ்யூ, பிரஷ் எதுவும் அது மேல படக்கூடாது. அப்படியே வெச்சுட்டு வேற வேலையைப் பாருங்க, அரை மணி ஒரு மணி நேரத்துல காயக் காய அது தானா இழுத்துக்கிட்டு பேனல் லைனுக்குள்ள இறங்கும். உங்க ரவுண்டல் கிழிஞ்சது இந்த இடத்துலதான். டிஷ்யூவால அழுத்துனது சாதாரணமா சரியான பழக்கம்தான், சோல் விடுறதுக்கு முன்னாடி செஞ்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. முழுசா காஞ்ச அப்புறமும் ஒரு சுருக்கம் நின்னா மறுபடி ஒரு கோட் சோல், மூணாவது தடவையும் கொடுக்கலாம். பேனல் லைன் மேல கூடாரம் மாதிரி பாலம் போட்டு நின்னுச்சுன்னா கோட்டோட போக்குலயே பிளேடால லேசா கீறி, அந்தக் கீறல்ல சோல் விடுங்க, உள்ள இறங்கிரும்.

எந்த பிராண்ட்னு கேட்டதுக்கு அடிச்சு சொல்ற மாதிரி ஒரே பதில் கிடையாது, ஏன்னா ஒவ்வொரு கம்பெனி டெகால் ஃபிலிமும் ஒவ்வொரு மாதிரி. என் கையில மெல்லிசான இத்தாலி கார்டோகிராஃப் கம்பெனி அச்சடிச்ச டெகால் மைக்ரோ சோலுக்கே நல்லா படிஞ்சிருக்கு, டாமியா டெகால் கொஞ்சம் தடிமன், அதுக்கு அவங்களோட மார்க் ஃபிட் ஸ்ட்ராங் சாஃப்ட்னர் தேவைப்பட்டுச்சு. மிஸ்டர் மார்க் சாஃப்டரும் நல்லாத்தான் இருக்கு. சால்வாசெட் மாதிரி ரொம்ப வீரியமானதை மெல்லிசான டெகால் மேல விட்டா கரைஞ்சே போகலாம், அக்ரிலிக் கிளாஸையும் மங்க வைக்கும், அதனால அதைத் தண்ணி கலந்து, அதுவும் கடைசி வழியா மட்டும். வீட்டு வினிகர் போதும்னு உங்க கேள்விக்கு ஒருத்தர் பதில் போட்டிருந்தார், அது செட்டுக்கு பதிலா ஓரளவு உதவும், பரப்பு நனையும், அழுக்கு போகும், ஆனா சோல் மாதிரி ஃபிலிமை இளக்கி பேனல் லைனுக்குள்ள இறக்குற வேலையை அதுகிட்ட நான் பாத்ததில்ல. எதா இருந்தாலும் ஷீட்ல உங்களுக்குத் தேவைப்படாத இன்னொரு ஸ்குவாட்ரன் எழுத்து கட்டாயம் இருக்கும், அதை ஒரு பழைய இறக்கை மேல ஒட்டி டெஸ்ட் பண்ணுங்க. எந்த நிபுணர் சொல்றதையும் விட அந்த ஒரு டெஸ்ட் பெருசு, என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

சரி, ஏற்கனவே ஒட்டினதை என்ன பண்றது. மேல இன்னும் எந்தக் கோட்டும் அடிக்கலைன்னு சொல்லியிருக்கீங்க, அது நல்லதாப் போச்சு. புது பிளேடு நுனி இல்லேன்னா மெல்லிசான தையல் ஊசியால அந்த வெள்ளை தெரியுற இடத்துல மட்டும் நெருக்க நெருக்கமா குத்துங்க, பெயின்ட்டைக் கிழிக்கிற அளவுக்கு வேண்டாம், ஃபிலிம் ஓட்டையானா போதும். அதுமேல ஒரு சொட்டு சோல், அது ஓட்டை வழியா உள்ள இறங்கும்போது வெள்ளை இடம் பொட்டு பொட்டா கருப்பாகுறதைப் பாக்கலாம். காய விட்டு மறுநாள் மறுபடி. ஏ எழுத்து முக்கோணம் மாதிரி சின்ன இடம் இதுல பெரும்பாலும் சரியாயிரும். பெரிய பரப்புல பாதிதான் தேறும், முழுசா மறைஞ்சிரும்னு நான் வாக்கு தர மாட்டேன், அடியில மேட் பெயின்ட் இருக்கிற வரைக்கும் கொஞ்சம் காத்து எங்கயாவது நிக்கத்தான் செய்யும். தேறாததை அந்த இடத்தோட பச்சை, பிரவுன் கலரை வெச்சு மெல்லிசான பிரஷ்ல தொட்டு மறைச்சிரலாம், முக்கோணத்துக்கு அது ரெண்டு நிமிஷ வேலை.

கிழிஞ்ச ரவுண்டலுக்கு ஒட்டு வேலை பாக்காதீங்க, எடுத்துருங்க. மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுத்தா பெரும்பகுதி வந்துரும், முதல்ல டேப்பை உள்ளங்கையில ரெண்டு தடவை ஒட்டி ஒட்டி எடுத்து வீரியத்தைக் குறைச்சுக்கோங்க, இல்லேன்னா பெயின்ட்டும் சேர்ந்து வந்துரும். மீதி பிசிறுக்கு வெந்நீர் துணி. அப்புறம் பாருங்க, 234 பறந்த காலத்து ஸ்பிட்ஃபயர் மேல் இறக்கை ரவுண்டல் சிவப்பும் நீலமும் மட்டும்தான், வெள்ளையும் கிடையாது மஞ்சளும் கிடையாது. 56 இன்ச், அதாவது உங்க ஸ்கேல்ல 20 மில்லிமீட்டருக்கு ஒரு முடி கம்மி. வட்டம் வெட்டுற கட்டர் இருந்தா டேப்ல ரெண்டு வட்டம் வெட்டி மாஸ்க் பண்ணி பெயின்ட்டே அடிச்சிரலாம், டெகாலை விட நல்லா இருக்கும், ஏன்னா உண்மைல நடந்ததும் அதுதான். ஒரு பக்கம் மட்டும் அடிச்சா நீலத்தோட நிறம் ரெண்டு இறக்கையிலயும் ஒத்து வராது, அதனால மறுபக்க டெகாலையும் எடுத்துட்டு ரெண்டுமே அடிங்க. பக்கவாட்டு ரவுண்டலை மட்டும் டெகாலாவே வெச்சுக்கோங்க, நாலு கலர், அதை மாஸ்க் பண்றது இப்போதைக்கு வேண்டாம். ஒண்ணு மட்டும், அந்த மஞ்சள் வளையத்துக்கு அடியில பச்சை பிரவுன் எல்லைக்கோடு போச்சுன்னா மஞ்சள் வழியா நிழல் மாதிரி தெரியலாம், அச்சு மெல்லிசா இருக்கிற ஷீட்ல இது வரும். ஸ்பேர் டெகால் இருந்தா ஒட்டுறதுக்கு முன்னாடி வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சுப் பாத்து எவ்வளவு ஒளி விடுதுன்னு தெரிஞ்சுக்கலாம்.

எல்லாம் ஒட்டி காஞ்சதும் ஈரத் துணியால ஒவ்வொரு டெகாலையும் சுத்தி துடைச்சிருங்க, வெளிய வந்த பசை கொஞ்ச நாள்ல பழுப்பா கறை பிடிக்கும். ஒரு நாள் விட்டு மறுபடி மெல்லிசா ஒரு கிளாஸ் கோட், இது டெகாலைப் பூட்டவும் ஓரத்துப் படியைக் குறைக்கவும். பேனல் லைனை எடுத்துக்காட்ட வாஷ், அதாவது நீர்த்த டார்க் பெயின்ட், விடுறதா இருந்தா இதுக்கு மேல, ஏன்னா நேரா டெகால் மேல விட்டா ஓரத்துல அழுக்குக் கோடு நிக்கும். கடைசியா மேட்.

மீதி இருக்கிற ஷீட்டை ஜிப்லாக் கவர்ல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட போட்டு வைங்க, நம்ம ஊர் ஈரத்துல மேல வர்ற மெல்லிய பேப்பரே டெகாலோட ஒட்டிக்கும். அதுலயே வால் பக்கம் வர்ற சீரியல் நம்பரும் இருக்கு, உயரம் 3 மில்லிமீட்டர்கூட இல்லாத எழுத்து, அதைத் தொடுறதுக்கு முன்னாடி வாலுக்கு கிளாஸ் அடிச்சிருங்க. இன்னைக்கு ராத்திரி ஏ எழுத்துல மட்டும் ஊசியும் சோலும் வெச்சுப் பாருங்க, காலைல ஜன்னல் வெளிச்சத்துல சாச்சுப் பிடிச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, எங்க இன்னும் காத்து நிக்குதுன்னு பாத்துச் சொல்றேன்.